மிமி பாமரின் தாய் யார்? நான்கு வருடப் பாவனைக்குப் பிறகு

ஓர்கிட் வம்சாவளி பார்க்கும் அந்த மென்பொருளின் விலை பாதியாக இறங்கிவிட்டதாம். "அக்கா, நீங்கள் கனகாலமாக வைத்திருக்கிறீங்கள்தானே, நான் வாங்கட்டோ?" என்று பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டாள். வெள்ளவத்தை மொட்டைமாடியில் நிழல்வலைக்குக் கீழே நான்கு வருடம் பாவித்தவள் நான். அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் அது தந்த சந்தோஷம். வாசத்துக்காகவே நான் வளர்க்கும் வாண்டா மிமி பாமர் என்ற ஓர்கிட்டின் பெயரை ஒரு நாள் தட்டினேன். 1963இல் பதிவான கலப்பு அது. ஒரு பக்கம் டான் சே யான் என்ற இன்னொரு கலப்பு, மறு பக்கம் வாண்டா டெசலாட்டா. டான் சே யானைத் திறந்தால் டியரேயும் ஜோசபின் வான் பிரேரோவும். ஜோசபினையும் திறந்தால் இன்சிக்னிஸ், டெரெஸ். டெசலாட்டா 50 வீதம், டியரே 25, மற்ற இரண்டும் பன்னிரண்டரை என்று கணக்கும் வருகிறது. தலைமுறைக்குப் பாதி என்று வகுத்த கணக்குத்தான், பூ அப்படியே கேட்டு நடக்காது. ஆனால் டெசலாட்டா நம்முடைய உலர் வலயத்துச் செடி. அம்மம்மா வீட்டு மரக்கிளையில், மண்ணிறக் கட்டம் போட்ட இதழோடு பூத்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். சிங்கப்பூர்க் கலப்பு ஒன்றில் அதுவே பாதி என்று தெரிந்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம்தான் கோபம். டெசலாட்டாவைத் தாயாக வைத்து, டான் சே யானின் மகரந்தத்தைப் பல்குத்தியால் எடுத்து ஒட்டினேன். காய் முற்றவே பத்து மாதம். விதை கண்ணாடிப் போத்தலில் முளைத்து, இருபத்தொரு கன்று கைக்கு வந்தது. மென்பொருளில் பதிந்தால் 'மிமி பாமர்' என்று காட்டியது. சரி, தாயும் தந்தையும் இடம் மாறினாலும் கலப்புப் பெயர் ஒன்றுதான், விதி அது. ஆனால் என் சொந்தக் குறிப்பிலும் டான் சே யானை முன்னுக்குப் போட்டு, அதையே தாயாக்கிச் சேமித்துவிடுகிறது! திருத்தினால் அடுத்த புதுப்பிப்பில் மறுபடி திரும்பிவிடும். எந்தச் செடி காயைத் தாங்கும், எது பிஞ்சிலேயே உதிர்க்கும் என்பதுதான் கலப்புச் செய்கிறவளுக்கு முதல் அறிவு. அதைத்தானே அழிக்கிறார்கள்! மூன்று தடவை எழுதிக் கேட்டேன், பதிலே இல்லை.

பெயர் மாற்றங்களை உடனுக்குடன் சேர்க்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். டெரெஸ் பபிலியோனாந்தே பேரினத்துக்குப் போனதால், மிமி பாமரின் முன்பெயர் இப்போது வாண்டா அல்ல, பபிலியோனாண்டா. பழைய பெயரில் தேடினாலும் கிடைக்கிறது.

தங்கச்சி, வாங்காதே. 1961இலிருந்து கலப்புப் பதிவேட்டைப் பேணும் இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் இணையத் தேடல் இலவசம். அதில் பெற்றோரைக் கண்டுபிடித்து, பிறகு அவர்களுடைய பெற்றோரைத் தேடி, கொப்பியில் மரமாக வரைந்துகொள். என் இருபத்தொரு சாடிக்கும் 'தாய்: டெசலாட்டா' என்று பென்சிலால் எழுதிக் கட்டிவிட்டேன். பேனை மை வெயிலுக்கு நிற்காது.