கௌட் வலி: கோல்கிசினா, வலி மாத்திரையா, ஸ்டீராய்டா?

ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், கரைய இடமின்றி மூட்டுக்குள் ஊசி ஊசியான படிகங்களாகப் படியத் தொடங்கும். இதனால் வரும் மூட்டு வீக்கமே கௌட். ஊசி குத்துவதால்தான் வலி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. படிகத்தை விழுங்கும் மேக்ரோபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்லுக்குள் என்எல்ஆர்பி3 என்ற புரதக் கூட்டு விழித்துக்கொள்ளும். அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற புரதம் வெளியேறும். அதைத் தொடர்ந்து நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் படையாகத் திரண்டு வரும். கால் கட்டைவிரலைச் சிவக்க வைப்பது இந்தப் படைதான். இது 2006இல்தான் தெளிவானது. எந்த மருந்து படையை எங்கே மறிக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

கோல்கிசின் நியூட்ரோஃபில்களின் நடமாட்டத்தையே முடக்குகிறது. அதனால் நேரம் முக்கியம்: வலி தொடங்கிய 12 மணி நேரத்துக்குள் என்றால் நல்ல பலன், 36 மணி நேரம் கடந்தால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 1 மில்லிகிராம், ஒரு மணி நேரம் கழித்து 0.5 மில்லிகிராம், முதல் நாளுக்கு அவ்வளவே. வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கொரு மாத்திரை என்ற பழைய முறையில் பலன் கூடவில்லை, பேதிதான் கூடியது. சிறுநீரகம் பழுதானவர்களும், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. உடலில் தேங்கி விஷமாகிவிடும். செங்காந்தள் விதையில் இருப்பதும் இதே நஞ்சுதான்.

நாப்ராக்சன் போன்ற வலி மாத்திரைகள் இந்தத் தொடரில் இன்னும் கீழே, வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளின் உற்பத்தியைத் தடுக்கின்றன. 500 மில்லிகிராம் தினம் இருவேளை, உணவுக்குப் பின். சிறுநீரகமும் வயிறும் நன்றாக உள்ள இளைஞருக்கு இதுவே சுலபம். அல்சர், இதயச் செயலிழப்பு, ரத்தம் உறையாமைக்கான மருந்து, இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

அப்படிப்பட்டவர்களுக்கு எங்கள் தேர்வு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு: தினம் 30 முதல் 35 மில்லிகிராம், 5 நாள். நாப்ராக்சனுக்குச் சமமாகவே வலியைக் குறைக்கிறது. சர்க்கரை ஏறும், நீரிழிவு உள்ளவர்கள் அந்த நாட்களில் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ச்சலும் இருந்தால் முதலில் மூட்டு நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். சீழ் வைத்த மூட்டுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் மூட்டே போய்விடும்.

இன்டர்லூகின்-1ஐ நேரடியாக மறிக்கும் அனகின்ரா ஊசி (தினம் 100 மில்லிகிராம்) கணக்குப்படி மிகப் பொருத்தமானது, விலைதான் எட்டாதது. மற்ற மூன்றும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும்.

இவற்றில் எதுவும் படிகத்தைக் கரைக்காது. அது யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் போன்ற மருந்துகளின் வேலை. ஏற்கெனவே அதைச் சாப்பிட்டு வருபவர்கள் வலி வந்ததும் நிறுத்துவதுதான் நாம் அடிக்கடி பார்க்கும் தவறு.