வடசேரி நகையா, கில்ட் செட்டா? அரங்கேற்றத்துக்கு எதை எடுப்பது

கெம்பு, பச்சை, ஓரத்தில் முத்து: பரதநாட்டியத் தலைசாமான் இரண்டு ரகத்திலும் இப்படித்தான் இருக்கும். மேடையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கையில் எடுத்துத் திருப்பினால் தெரிந்துவிடும்.

நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைக்கு அடித்தளம் வெள்ளி. குழிகளில் அரக்கு நிரப்பி, கல்லைப் பதித்து, சுற்றிலும் மெல்லிய தங்க ரேக்கை அழுத்திப் படியவைக்கிறார்கள். பின்பக்கம் வெள்ளியாகவே இருக்கும். கில்ட் செட்டில் செம்போ பித்தளையோ உள்ளே. மேலே முலாம், கல்லுக்குப் பசை.

சாமிக்குச் சாத்திய நகைகளின் வடிவம் இது. தேவதாசியர் அணிந்து ஆடினார்கள். 1930களில் அவர்கள் ஆடிய சதிர் ஆட்டம் பரதநாட்டியமாகிச் சபா மேடைக்கு வந்தபோது நகையும் கூடவே வந்தது. வலப்பக்கம் சூரியன், இடப்பக்கம் சந்திரன், பின்னந்தலையில் ராக்கொடி என்ற அமைப்பை அவர்களிடமிருந்துதான் பெற்றோம். அந்தப் பெண்களின் பெயர்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும்.

கில்ட்டுக்கு எதிரி வியர்வை. முலாம் முதலில் போவது ஒட்டியாணத்தின் உள்பக்கமும், மேல்கையில் அணியும் வங்கியின் விளிம்பும். செம்பு வெளியே வந்தால் தோலில் பச்சை படியும். பசை காய்ந்தால் கல் உதிரும். மறுபடி முலாம் பூசலாம், ஆனால் கல்லைக் கழற்றித்தான் பூச வேண்டும். அந்தக் கூலிக்குப் புதிதே வாங்கிவிடலாம்.

வடசேரி நகைக்கு எதிரி சூடு. வெயிலில் நிற்கும் காரில் விட்டால் அரக்கு இளகிக் கல் சாயும். வெந்நீரில் கழுவவே கூடாது. சென்ட்டும் ஹேர் ஸ்ப்ரேயும் அடித்து முடித்த பிறகே நகையைப் பூட்ட வேண்டும். ஆடி முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பொதிந்து வையுங்கள். கல் விழுந்தாலும் ஆசாரி அரக்கை இளக்கி மீண்டும் பதித்து, ரேக்கு ஒட்டித் தருவார். அதனால்தான் அம்மாவின் நகையை மகளும் அணிய முடிகிறது.

பணம் அளவாக இருந்தால் முழு செட்டுக்கு ஆசைப்பட வேண்டாம். தலைசாமான், அட்டிகை இரண்டையும் வடசேரியில் எடுங்கள். முகத்தருகே இருப்பவை அவை, புகைப்படத்தில் துலங்குபவையும் அவைதான். ஒட்டியாணமும் வங்கியும் கில்ட்டாகவே இருக்கட்டும்: பிள்ளை வளர வளர அளவு மாறும். ஒன்று மட்டும் கவனியுங்கள். புது கில்ட் பளீரென்று எலுமிச்சை மஞ்சளில் இருக்கும், ரேக்கின் நிறம் அடங்கியது. தலைசாமானைக் கையோடு கொண்டுபோய், பக்கத்தில் வைத்துப் பார்த்து, கில்ட்டை மங்கலான மேட் பாலிஷில் கேட்டு வாங்குங்கள்.