மூளைக் கட்டி சிகிச்சைக்குப் பிறகு: ஆப்பா, சுடோகுவா, சமையற்கட்டா?

மூளைக் கட்டிக்கு ஆபரேஷன், கதிர்வீச்சு எல்லாம் முடிந்து ஒருவர் வீட்டுக்கு வந்தால், பார்க்க வருகிற உறவினர்களில் ஒருவர் சுடோகு புத்தகம் வாங்கி வருவார். இன்னொருவர் போனில் ஏதாவது ஆப் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போவார். 'மூளைக்கு வேலை கொடுத்துக்கிட்டே இருக்கணும்' என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. எந்த வேலை, எவ்வளவு நேரம், எப்போதிலிருந்து என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது. என் அண்ணனுக்குச் சிகிச்சை முடிந்தபின் எங்கள் வீட்டில் இவற்றில் பலவற்றையும் முயன்று பார்த்தோம். அந்த அனுபவத்தையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எதற்கு என்ன பலன் என்று இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

போட்டியில் யாரும் சேர்க்காத ஒன்றை முதலில் சேர்த்துவிடுகிறேன்: சும்மா இருப்பது. வேகமாக வளரும் மூளைப் புற்றான கிளியோபிளாஸ்டோமா போன்ற கட்டிகளுக்கு வழக்கமாகத் தருவது 6 வாரங்களில் 30 தவணையாக 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு. அசதி அந்த வாரங்களின் கடைசியிலும் அதற்கு அடுத்தும்தான் உச்சத்துக்குப் போகும். சிலருக்குக் கதிர்வீச்சு முடிந்து சில வாரம் கழித்து, நாள் முழுக்கத் தூங்கி வழிகிற ஒரு கட்டமும் வரும். மூளை வீக்கத்துக்குத் தருகிற டெக்ஸாமெத்தசோன் மாத்திரை ராத்தூக்கத்தைக் கெடுக்கும். வலிப்பு வராமல் இருக்கத் தருகிற லெவெடிரசெட்டம் சிலரைச் சிடுசிடுப்பாக்கும். இத்தனையும் ஓடிக்கொண்டிருக்கும்போது கையில் புதிரைத் திணித்தால் அவர் தோற்கத்தான் செய்வார், தோற்றால் மனசு இன்னும் விழும். அந்த வாரங்களில் சும்மா இருப்பதுதான் ஜெயிக்கும். கொஞ்சம் பேச்சு, கொஞ்சம் வெயில், அது போதும்.

ஆப்பா, காகிதமா?

மூளைப் பயிற்சி ஆப்களுக்கு ஒரு பழைய கதை உண்டு. லுமாசிட்டி என்ற பிரபலமான செயலியை நடத்திய நிறுவனம், வயதால் வரும் மறதி முதல் கீமோதெரபியால் வரும் மந்தம் வரை குறையும் என்கிற பாணியில் விளம்பரம் செய்தது. அதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் வழக்குப் போட, 2016 ஜனவரியில் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. அதற்கும் முன்பே, 2002-ல், 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேரிடம் நடந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவு வெளியாகியிருந்தது. நினைவாற்றலுக்குப் பயிற்சி எடுத்தவர்கள் நினைவாற்றலில் முன்னேறினார்கள், வேகத்துக்கு எடுத்தவர்கள் வேகத்தில். ஒன்றில் கிடைத்த லாபம் மற்றதற்குத் தாவவில்லை. அவர்கள் மூளைக் கட்டி நோயாளிகள் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஆப்பில் மதிப்பெண் ஏறுவதைப் பார்த்து, மாத்திரை போட்டோமா இல்லையா என்பதும் தானாக நினைவுக்கு வந்துவிடும் என்று நம்ப இடமில்லை.

ஆப்புக்கு நல்ல பக்கமும் இருக்கிறது. வலது கை பலவீனமானவர் இடது கை விரலாலேயே ஆடலாம். ஆளின் திறமைக்கேற்ப நிலை தானே ஏறி இறங்கும். எங்களுக்குத் தொல்லையாக இருந்தது அந்த ஓடுகிற கடிகாரமும், தப்பு செய்தால் கத்துகிற சத்தமும்தான். அமைப்புகளுக்குள் போய் இரண்டையும் அணைத்துவிடுங்கள். ராத்திரி படுக்கையில் ஆடவும் விட வேண்டாம். தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டக்கூடிய காரணங்களில் ஒன்று.

காகிதத்துக்கு வந்தால், சுடோகுவும் குறுக்கெழுத்தும் ஒரே ரகம் என்று நினைக்கிறோம். இல்லை. பெரும்பாலானவர்களுக்கு மொழியைக் கவனிப்பது மூளையின் இடது பக்கம். கட்டி அங்கே இருந்தவருக்கு, தெரிந்த சொல்லே தொண்டைவரை வந்து நின்றுவிடும். அவரிடம் குறுக்கெழுத்தை நீட்டுவது ஆறாத காயத்தைக் குத்துவதுதான். சுடோகுவில் சொல்லைத் தேடும் வேலை இல்லை, ஆனால் 'இங்கே 4 வரலாம், 7-ம் வரலாம்' என்று பலதை ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைக்க வேண்டும். கவனம் சிதறுபவருக்கு அது கஷ்டம். ஆகவே புத்தகம் வாங்கும் முன் கட்டி எந்தப் பக்கம், எந்தப் பகுதியில் இருந்தது என்று கேளுங்கள். குறுக்கெழுத்துதான் வேண்டும் என்று அவரே அடம்பிடித்தால், பாதியை நீங்கள் நிரப்பிக் கொடுங்கள்.

இரண்டையும்விடப் பல்லாங்குழிக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன். 14 குழி, எண்ணிப் போடுகிற விரல், அடுத்து எங்கே போய் முடியும் என்ற கணக்கு, முறைக்குக் காத்திருப்பது எல்லாம் ஒரே ஆட்டத்தில் வந்துவிடுகிறது. எதிரே உட்கார்ந்திருப்பது மனிதர் என்பதால், ஆட்டத்தை அவருக்குத் தெரியாமலே கொஞ்சம் எளிதாக்கலாம், ஆப் செய்வதைவிட நாசூக்காக. இன்னொரு வசதியும் உண்டு. வலப்பக்க மூளை பாதிக்கப்பட்ட சிலருக்கு இடப்பக்கம் இருப்பது கண்ணில் பட்டும் கவனத்தில் படாது. சாப்பாட்டுத் தட்டில் இடப்பக்கச் சோறு அப்படியே கிடக்கும். அப்படிப்பட்டவர் இடது ஓரக் குழிகளைத் தொடாமலே ஆடுவதை வீட்டார் கவனித்து டாக்டரிடம் சொல்லலாம். தாயம், சீட்டு இவையும் நல்லவைதான். ஆடுபுலி ஆட்டம் ரொம்பத் திட்டமிட வேண்டியது, அது பிறகு வரட்டும். காசு கட்டி ஆடுகிற ஆன்லைன் ரம்மி பக்கம் மட்டும் போகவே கூடாது. மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டவருக்கு 'போதும், நிறுத்து' என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சக்தி குறைந்திருக்கலாம்.

படிப்பதா, கேட்பதா?

'முன்னெல்லாம் பேப்பரை வரி விடாம படிப்பார், இப்ப தொடவே மாட்டேங்கிறார்' என்று அண்ணி வருத்தப்பட்டார். ஆர்வம் போய்விட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், பார்வைப் புலத்தில் ஒரு பாதி போயிருக்கலாம். இடப்பாதி போனவருக்கு ஒரு வரி முடிந்து அடுத்த வரியின் தொடக்கத்தைப் பிடிக்க முடியாது. வலப்பாதி போனால் சொல்லின் மிச்சம் தெரியாது. நீளமான சொல் வந்தால் இன்னும் கஷ்டம், நம் எழுத்திலோ 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' மாதிரி ரயில் சொற்களுக்குக் குறைவே இல்லை. வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துப் படிப்பது, இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி அதைத் தேடிப்பிடித்து வரியைத் தொடங்குவது போன்ற சின்ன உபாயங்கள் உதவும்.

ரேடியோ, ஒலிப்புத்தகம் எல்லாம் கண்ணுக்கு ஓய்வு. ஆனால் பின்னால் ஓடுகிற சத்தமாகவே அவை போய்விடக்கூடும். ஒரே ஒரு செய்தியைப் படித்தோ கேட்டோ, அதை இரண்டு வாக்கியத்தில் வீட்டில் ஒருவருக்குச் சொல்ல வைத்தால் பலன் வேறு. என் கணக்கில் இந்தப் போட்டியின் முடிவு, படித்தாரா கேட்டாரா என்பதைவிடத் திருப்பிச் சொன்னாரா என்பதில் இருக்கிறது.

பேச்சு தடுமாறுபவர்களுக்குப் பாட்டைச் சொல்லியாக வேண்டும். பேச வராதவர் சிலர் தெரிந்த பாட்டை வார்த்தை தவறாமல் பாடுவார்கள். இதை வைத்தே 1970-களில் பாஸ்டனில் மெட்டோடு சொல்லிப் பேச்சை மீட்கும் ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார்கள். அதை முறையாகச் செய்யப் பேச்சுப் பயிற்சியாளர் வேண்டும். ஆனால் பழைய சினிமாப் பாட்டையோ தேவாரத்தையோ சேர்ந்து பாட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பயிற்சியா, குறிப்பேடா?

உறவினர்களோடு எனக்கு நிஜமாகவே சண்டை வந்தது இதில்தான். 'நோட்டைப் பார்த்தே எல்லாம் செஞ்சா ஞாபகசக்தி எப்படி வளரும்?' என்பது அவர்கள் கட்சி. நெதர்லாந்தில் கிளியோமா என்ற வகை மூளைக் கட்டி வந்த நோயாளிகள் 140 பேரிடம் நடந்து 2009-ல் வெளியான ஆய்வு ஒன்று என் கட்சிக்குத் துணை. 6 வாரத் திட்டம் அது. கணினியில் கவனப் பயிற்சியும் இருந்தது, கூடவே குறைபாட்டைச் சமாளிக்கும் வழிகளையும் உளவியலாளர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி எடுத்தவர்கள் கவனத்திலும் சொல் நினைவிலும் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள், யோசித்தால் வருகிற மன அசதியும் அவர்களுக்குக் குறைவாக இருந்தது. ஆப்பை மட்டும் கொடுப்பவர்கள் இதில் பாதியைத்தான் கொடுக்கிறார்கள்.

குறிப்பேடு என்றால் ஒரே ஒரு நோட்டு, எப்போதும் ஒரே இடத்தில். மாத்திரை, யார் வந்தார்கள், யாரிடம் என்ன சொன்னோம், நாளைக்கு என்ன என்று எல்லாம் அதிலேயே. எழுதுவது அவராக இருக்க வேண்டும், எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரே கேள்வியை மறுபடி கேட்டால் பதில் சொல்லாமல் 'நோட்டைப் பாருங்க' என்று சொல்லப் பழக வீட்டாருக்குத்தான் நாளாகும்.

அந்த நோட்டோடு சமையற்கட்டுக்குள் நுழைந்தால் எந்த ஆப்பும் தராத பயிற்சி கிடைக்கும். ரசம் வைப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். புளியை முன்கூட்டி ஊறவைக்க வேண்டும், பொடி எந்த டப்பாவில் என்று தேட வேண்டும், நுரை கட்டும்போது இறக்க வேண்டும், தாளிக்கிற நேரத்தில் யாராவது கூப்பிட்டால் அடுப்பை மறக்கக் கூடாது. கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைத்துச் சதாவதானி ஆனார். நம்மவருக்கு இப்போது ஒரு அவதானமே பெரிசு, அதனால் டிவியை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். வலிப்பு வந்திருந்தால் அடுப்பு, கத்தி அருகே தனியாக விடக் கூடாது. மளிகைப் பட்டியல், பால் கணக்கு என்று உட்கார்ந்து செய்கிற வேலையிலிருந்து தொடங்கலாம்.

நடைப்பயிற்சியை இவற்றோடு போட்டியில் நிறுத்த வேண்டாம். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் வரும் அசதியைக் குறைக்க உடற்பயிற்சிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அசதி குறைந்தால் மற்ற எல்லாமே எளிதாகும். தடுமாறுபவரோடு துணைக்கு ஒருவர் போக வேண்டும், அவ்வளவுதான்.

எதைத் தேர்ந்தாலும் காலையில் தெளிவாக இருக்கும் நேரத்தில் கால் மணி செய்துவிட்டு நிறுத்துங்கள். அடுத்த நாளும் படுத்தே கிடந்தால் அளவு அதிகம். முடிந்தால் நரம்பியல் உளவியல் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுவது நல்லது. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் செய்கிறார்கள். நினைவா, கவனமா, வேகமா, எது அடிபட்டிருக்கிறது என்று அதில் தெரிந்துவிட்டால் பாதி ஆப்களை அன்றைக்கே அழித்துவிடலாம். அப்புறம், புதிதாகக் காலைத் தலைவலி, வாந்தி, வலிப்பு, நாளுக்கு நாள் கூடுகிற குழப்பம் என்று ஏதாவது வந்தால் 'இன்னைக்குக் கொஞ்சம் அதிகமா யோசிச்சுட்டார்' என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த ஸ்கேன் தேதிவரை காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் போடுங்கள்.