கணினியில் ஓடிய 1913: ஒரு ஹெவிவெயிட் ஆண்டறிக்கை

குத்துச்சண்டை சிமுலேஷன் மென்பொருள் ஒன்றை வெகுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதில் படமும் கிடையாது, ஜாய்ஸ்டிக்கும் கிடையாது. இரண்டு வீரர்களைத் தேர்ந்தெடுத்து ஓடவிட்டால், சண்டை குத்துக்குக் குத்து எழுத்தாகத் திரையில் வரும். குத்தின் பலம், தற்காப்பு, அடி தாங்கும் திறன், தம், எதிராளி தள்ளாடும்போது விடாமல் முடிக்கும் குணம், முகம் கிழியும் வாய்ப்பு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண்கள் உண்டு. மீதியை அந்த எண்களும் தற்செயலும் பார்த்துக்கொள்ளும்.

1908 டிசம்பரில் சிட்னியில் ஜாக் ஜான்சன் அப்போதைய சாம்பியன் டாமி பர்ன்ஸை வீழ்த்தி, எடை கூடியவர்களுக்கான ஹெவிவெயிட் பிரிவில் முதல் கறுப்பின சாம்பியன் ஆனார். மென்பொருளில் நான் ஆண்டு ஆண்டாக ஓட்டிவரும் ஹெவிவெயிட் பிரிவு அங்கே தொடங்குகிறது. இப்போது 1913 முடிந்திருக்கிறது. இத்தனை நாளில் நான் அதிகம் ரசித்து ஓட்டிய ஆண்டு இதுதான்.

நிஜ 1913 ஒரு அலங்கோலம். சாம்பியன் ஜான்சன் அமெரிக்காவில் தண்டனை விதிக்கப்பட்டு, கனடா வழியாகத் தப்பி பிரான்ஸ் போய்விட்டார். அவரை அடிக்க ஒரு வெள்ளையர் கிடைக்கமாட்டாரா என்று தேடி அலுத்தவர்கள், ‘வெள்ளையர் ஹெவிவெயிட் பட்டம்’ என்று தனியாக ஒன்றை உண்டாக்கியிருந்தார்கள். சாம் லாங்ஃபோர்ட், ஜோ ஜெனெட், சாம் மெக்வே ஆகிய மூன்று கறுப்பின வீரர்களும் யாரோடும் மோதத் தயார். ஆனால் பட்டத்துக்கான வாய்ப்பு அவர்களுக்கு வரவில்லை. வெள்ளையர்கள் ஒதுக்கினார்கள் என்பது பாதிக் கதைதான். சாம்பியனான பிறகு ஜான்சனும் இந்த மூவரிடமிருந்து விலகியே நின்றார். டிசம்பரில் பாரிஸில் அவர் பட்டத்தைப் பணயம் வைத்து மோதியது இவர்களுக்கெல்லாம் கீழே இருந்த பாட்லிங் ஜிம் ஜான்சனோடு. அதுவும் டிராவில் முடிந்தது.

மென்பொருளுக்கு இதெல்லாம் தெரியாது. தோல் நிறத்துக்கு அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. வசூல் வருமா வராதா என்ற கணக்கும் இல்லை. தரவரிசையில் முதலில் இருப்பவனுக்குப் பட்டச் சண்டை, அவ்வளவுதான். நிறத்தடையை நாமே வீட்டு விதியாக வைத்து, நடந்த வரலாற்றை ஒட்டி ஓட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. நடந்ததைத் தெரிந்துகொள்ளப் பழைய செய்தித்தாள் போதும். நடக்கவிடாமல் தடுக்கப்பட்டதைப் பார்க்கத்தான் இது வேண்டும்.

ஆண்டின் பெரிய சண்டை ஜூனில் வந்தது: ஜான்சன் – லாங்ஃபோர்ட், 20 ரவுண்டு. நிஜத்தில் இவர்கள் 1906-ல் மாசசூசெட்ஸின் செல்சியில் ஒருமுறை மோதினார்கள். லாங்ஃபோர்ட் அப்போது ஜான்சனைவிட ஏறத்தாழ 30 பவுண்டு எடை குறைந்த இளைஞர். 15 ரவுண்டு தாக்குப்பிடித்துப் பாயின்டில் தோற்றார். அப்புறம் இருவரும் சந்திக்கவே இல்லை. என் 1913-ல் லாங்ஃபோர்ட் முழு ஹெவிவெயிட். உயரம் ஐந்தடி ஏழு அங்குலத்தை ஒட்டித்தான், ஆனால் குத்தின் பல எண் அந்தப் பிரிவிலேயே உச்சம்.

முதல் பத்து ரவுண்டு அலுப்பூட்டுகிறது, அதுதான் ஜான்சன். ‘லாங்ஃபோர்ட் உள்ளே நுழைகிறார், ஜான்சன் கையைப் பிடித்துக்கொள்கிறார், நடுவர் பிரிக்கிறார்’ என்று ஒரே பொருளில் வரிகள் வந்துகொண்டே இருந்தன. நடுவில் கீழிருந்து மேலே போகும் ஓர் அப்பர்கட் குத்து, மறுபடி பிடி. பதினொன்றாவதில் லாங்ஃபோர்டின் இடது ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) தாடையில் பட்டு ஜான்சன் கீழே விழுந்தார், எட்டு எண்ணும்வரை எழவில்லை. எழுந்தபின் அந்த ரவுண்டு முடியும்வரை லாங்ஃபோர்ட் விட்ட குத்துகளில் முக்கால்வாசி தோளிலும் முழங்கையிலும் பட்டு வீணாயின. அதன் பிறகு ஜான்சன் தூரத்தைக் கூட்டி, ஜாப் என்ற நேர்க்குத்தை மட்டும் நம்பி ஓட்டினார். நடுவர் தீர்ப்பில் நூலிழையில் ஜான்சனுக்கு வெற்றி. தீர்ப்பு நியாயமா என்று பார்க்க, பதிவில் சேராதபடி அதே சண்டையைப் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். பாதிக்குக் கொஞ்சம் அதிகமாக ஜான்சன்தான் வென்றார். எண்களைப் போட்டவர் இருவரையும் நன்றாகவே எடைபோட்டிருக்கிறார்.

எண்களைப் போடுகிறவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது என்பதும் பழைய கதைதான். 1967-ல் முர்ரே வொரோனர் கணினியை வைத்து, எல்லாக் காலத்து ஹெவிவெயிட்களையும் மோதவிட்டு வானொலியில் தொடராக ஒலிபரப்பினார். அதில் முகமது அலி, பழைய சாம்பியன் ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றதாக வந்தது. அலி வழக்கே போட்டார். அந்தச் சமரசத்தில் பிறந்ததுதான் 1970-ல் திரையிடப்பட்ட, அலியும் முன்னாள் சாம்பியன் ராக்கி மார்சியானோவும் மோதும் படம். அமெரிக்காவில் காட்டிய பிரதியில் அலி பதின்மூன்றாவது ரவுண்டில் மார்சியானோவிடம் நாக்அவுட் ஆகிறார். ஐரோப்பாவில் வேறு முடிவு காட்டினார்கள். ஆகவே நான் எந்த வீரரின் எண்களையும் ஒருமுறை சரிபார்க்காமல் உள்ளே விடுவதில்லை.

பட்டம் நவம்பரில் கைமாறியது, ஆனால் லாங்ஃபோர்டுக்கு அல்ல. ஜான்சனுக்கு 35 வயது. மென்பொருள் அவரை ‘உச்சம் தாண்டியவர்’ நிலைக்கு மாற்றியதும் தம் எண் சட்டென்று சரிந்தது. அந்த நேரம் பார்த்துத் தரவரிசையில் மேலே இருந்தவர் ஜெனெட். 1909-ல் பாரிஸில் மெக்வேயிடம் இருபதுக்கும் மேற்பட்ட தடவை விழுந்தும், எழுந்து எழுந்து வந்து, 49 ரவுண்டுக்குப் பின் மெக்வேயே போதும் என்று உட்காரும்படி செய்தவர். அந்தச் சண்டையை வைத்தே அவருக்குத் தம் எண்ணைத் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். பதினேழாவது ரவுண்டில் ஜான்சன் மூலையை விட்டு எழவில்லை. நிஜத்தில் அதே ஆண்டு டிசம்பரில், பாரிஸில், லாங்ஃபோர்ட் இதே ஜெனெட்டை 20 ரவுண்டில் பாயின்டில் வென்றார். தடையே இல்லாத உலகத்திலும் லாங்ஃபோர்டுக்கு 1913 கைகொடுக்கவில்லை. எனக்கே வயிற்றெரிச்சல்தான், ஆனாலும் முடிவை மாற்றவில்லை.

இந்த வயது விஷயம்தான் மென்பொருளின் பெரிய குறை. மனிதன் படியில் உருண்ட மாதிரி ஒரே நாளில் கிழவனாவதில்லை. ஒரு சண்டைக்கும் அடுத்ததற்கும் நடுவில் தம் இவ்வளவு இறங்குவது பொருந்தவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து சரிவை நான்காகப் பிரித்துக் கையாலேயே மாற்றப்போகிறேன். வர்ணனை வரிகளும் சீக்கிரம் மனப்பாடமாகிவிடுகின்றன. ஜோடி சேர்க்கும் பகுதிக்கு மூளை குறைவு, ஒரே இரண்டு பேரை மாதாமாதம் மோதவிடும். அப்போது நியூயார்க்கில் சட்டப்படி பத்து ரவுண்டுச் சண்டைக்குத் தீர்ப்பே கிடையாது, மறுநாள் பத்திரிகைக்காரர்கள் எழுதியதுதான் முடிவு. அந்த வசதி அமைப்புகளில் எங்கும் இல்லை.

வெள்ளையர்கள் பக்கம் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. கன்போட் ஸ்மித் ஆறாம் இடத்தில் நின்றார். ஐரோப்பாவில் பிரெஞ்சு வீரர் ஜார்ஜ் கார்ப்பென்டியர், ஆங்கிலேயர் பாம்பார்டியர் வெல்ஸை நிஜத்தில் போலவே இரண்டு முறை வீழ்த்தினார்.

லூத்தர் மெக்கார்ட்டியைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். வெள்ளையர் பட்டம் வைத்திருந்த 21 வயதுப் பையன். 1913 மே 24 அன்று கால்கரியில் ஆர்தர் பெல்கியோடு மோதியபோது முதல் ரவுண்டிலேயே சரிந்து இறந்துபோனார். பெல்கி மீது வழக்கு நடந்து, விடுதலையானார். ஆனால் அதற்குப் பிறகு அவர் பழைய வீரராக இல்லை. மென்பொருளில் வளையத்துக்குள் சாவு கிடையாது. அதே தேதியில் அந்தச் சண்டையை வைத்தேன். பத்து ரவுண்டு, ஒரு விழுதல்கூட இல்லை, மெக்கார்ட்டி பாயின்டில் வென்றார். ஆண்டிலேயே சப்பென்ற சண்டை அதுதான். வரிக்கு வரி படித்தது அதை மட்டும்தான். அக்டோபரில் மெக்வே அவரை எட்டாவது ரவுண்டில் நிறுத்தினார். தரவரிசையில் ஒன்பதாம் இடத்துக்கு இறங்கினார், சரி, பையனுக்கு வயது இருக்கிறது.

ஆண்டு முடிவில் தரவரிசை: சாம்பியன் ஜெனெட், அடுத்து லாங்ஃபோர்ட், ஜான்சன், மெக்வே. ஐந்தாவதாக 24 வயது ஹாரி வில்ஸ். நிஜ வாழ்க்கையில் பின்னாளில் சாம்பியன் ஜாக் டெம்ப்சியோடு மோத ஒப்பந்தம் போட்டும் கடைசிவரை அந்தச் சண்டை கிடைக்காத அதே வில்ஸ்.

1914-க்கு ஜெனெட் – லாங்ஃபோர்ட் பட்டச் சண்டை மார்ச்சில். கார்ப்பென்டியரும் கன்போட் ஸ்மித்தும் ஜூலையில் லண்டனில் மோதுவார்கள், நிஜத்தில் போல வெள்ளையர் பட்டத்துக்காக அல்ல, தகுதிச் சுற்றாக. மென்பொருளுக்கு உலகப் போரும் தெரியாது. கார்ப்பென்டியர் போரில் விமானியாக இருந்தவர். ஆகஸ்டில் அவரை நானே பட்டியலிலிருந்து எடுத்து ‘ஓய்வில்’ போடவேண்டும், 1919-ல் திரும்பச் சேர்க்கவேண்டும். இடையில் அவருக்கு ஏறும் வயதைக் கழிப்பதா வேண்டாமா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.