பழைய காரின் டேங்க் வாயில் இருக்கும் வலை: கழற்றுவதா, விட்டுவைப்பதா?

நான் ஓட்டுவது 1930-இல் செய்த ஃபோர்டு மாடல் ஏ. இதில் பெட்ரோல் டேங்க் பின்னால் கிடையாது. முன்கண்ணாடிக்குக் கீழே, உட்கார்ந்திருப்பவரின் முழங்காலுக்கு மேலே, காரின் உடம்போடு ஒட்டியே இருக்கும். மூடி கண்ணாடிக்கு முன்னால், வெளியே. பெட்ரோல் பம்பும் இல்லை. டேங்க் உயரத்தில் இருப்பதால் பெட்ரோல் தானாகவே கார்புரேட்டருக்கு இறங்கிவிடும். மூடியைத் திறந்தால் கழுத்துக்குள் ஒரு பித்தளை வலைக் குவளை தொங்குவது தெரியும். அதை வைத்தும் பல வருஷம் ஓட்டியிருக்கிறேன், கொஞ்ச காலம் கழற்றிவிட்டும் ஓட்டியிருக்கிறேன். இப்போது வலை மறுபடி உள்ளேதான் இருக்கிறது. ஆனால் குப்பையைத் தடுக்கும் என்று பெரும்பாலானவர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

அந்தக் காலத்தில் இந்த வலைக்கு உண்மையிலேயே வேலை இருந்தது. பெட்ரோல் டின்னிலும் பீப்பாயிலும் வந்தது. அதோடு துரு, மண், தண்ணீர் எல்லாம் வந்தன. 1888-இல் கார் செய்த கார்ல் பென்ஸின் மனைவி பெர்தா பென்ஸ், ஜெர்மனியில் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் காரில் போனபோது, வழியில் ஒரு மருந்துக்கடையில்தான் எரிபொருள் வாங்கினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொள்ள, தொப்பியில் குத்தும் ஊசியால் அடைப்பை எடுத்தார் என்பது தெரிந்த கதை. பிற்பாடும் ரொம்ப காலத்துக்குப் புனலில் பதப்படுத்திய மெல்லிய தோலை விரித்து அதன் வழியாகப் பெட்ரோல் ஊற்றுவது வழக்கமாக இருந்தது. முதலில் பெட்ரோலில் நனைத்த தோல், தண்ணீரை எளிதில் விடாது. பித்தளை வலை அந்தளவுக்குச் செய்யாது. கண்ணுக்குத் தெரியும் குப்பையைத்தான் பிடிக்கும்.

சரி, இன்றைய பங்க்கில் இந்த வலையால் என்ன தொல்லை? நாசிலை உள்ளே விட்டு விசையை முழுதாக அழுத்தினால், கொஞ்சம் போட்டதுமே 'டக்' என்று நின்றுவிடும். நாசில் முனையில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. அது காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் வந்து துளையை மூடினால் விசை விடுபட்டுவிடும். டேங்க் நிரம்பாமலேயே வலைக் குவளைக்குள் பெட்ரோல் தேங்குவதால், நிரம்பிவிட்டது என்று நாசில் ஏமாந்துபோகிறது.

ஏன் தேங்குகிறது? வலைக் கண் சின்னது, அதனால்தான் என்று ரொம்ப நாள் கேள்விப்பட்டிருக்கிறேன். அது பாதிதான் சரி. டேங்குக்குள் பெட்ரோல் இறங்கினால் அதே அளவு காற்று வெளியே வர வேண்டும். புதிய கார்களில் காற்று வெளியேறத் தனிக் குழாய் உண்டு. இதில் காற்றும் அதே கழுத்து வழியாகத்தான் வந்தாக வேண்டும். நனைந்த வலையின் ஒவ்வொரு கண்ணிலும் பெட்ரோல் ஒரு மெல்லிய படலமாக நிற்கும், அந்தப் படலம் காற்றைச் சுலபத்தில் விடாது. வலை எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு அடம் பிடிக்கும். ஆக, குவளை முழுவதும் நனைந்துவிட்டால் காற்றுக்கு வழியே இல்லை; நுரை மேலே பொங்கும், சில சமயம் வெளியிலும் தெறிக்கும்.

இது புரிந்ததும் பெட்ரோல் போடும் முறையே மாறிவிட்டது. நாசிலைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடிப்பேன், பெட்ரோல் குவளையின் ஒரே பக்கச் சுவரை ஒட்டி இறங்கும்படி. எதிர்ப் பக்கத்து மேல்பாதி நனையாமல் இருக்கும். காற்று அந்த வழியாக வந்துவிடும். விசையைப் பாதி அளவைவிடக் குறைவாகவே அழுத்த வேண்டும். நாசிலின் எடையை வலை மேல் போடவே கூடாது. முனை அடியில் இடித்தால் முதலில் விட்டுப்போவது பற்றுவைத்த இணைப்புதான். அதே நேரம் நாசிலின் உலோகம் கழுத்தின் உலோகத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும், நிலைமின்சாரப் பொறிக்கு இடம் கொடுக்காமல் இருக்க. பங்க் ஊழியர் உதவ வந்தால் நன்றி சொல்லிவிட்டு நாசிலை நானே வாங்கிக்கொள்வேன் (அனுமதிக்கும் இடங்களில்). பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்தாலும் பரவாயில்லை.

வலையைக் கழற்றியிருந்த காலத்தில் பெட்ரோல் சீக்கிரம் நிரம்பியது, மறுக்கவில்லை. ஆனால் டேங்க் நிரம்பும் கடைசிக் கட்டத்தில் நாசில் நிற்பதற்குள் கழுத்துவரை வந்து, கண்ணாடிக்கு முன்னால் பெயின்ட் மேல் வழியும். அங்கிருந்து வழிந்தால் அடுத்தது சூடான எஞ்சின். வலை இருந்தால் மெதுவாகத்தான் போட முடியும். இந்தக் காருக்கு அந்த மெதுதான் வேண்டும். நான் வலையைத் திரும்பப் போட்டதற்கு முதல் காரணம் இதுவே.

அவ்வப்போது எடுத்துக் கவிழ்த்துத் தட்டினால் என்ன விழுகிறது என்று பார்ப்பேன். பங்க்கிலிருந்து வந்த குப்பை அநேகமாக இருக்காது. மூடியின் கார்க் கேஸ்கெட் உதிர்ந்த துணுக்கு, கழுத்து விளிம்பில் உட்கார்ந்த தூசி, பெயின்ட் செதில், எப்போதாவது ஒரு பூச்சி. கேஸ்கெட்டை மாற்றியதும் பாதிக் குப்பை குறைந்தது. கழுவிய பிறகு வெளிப்பக்கத்திலிருந்து காற்றடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் கிழிசல் இருந்தால் தெரிந்துவிடும்.

உண்மையான தொல்லை கொடுப்பதெல்லாம் வலையைத் தாண்டி, டேங்குக்கு உள்ளேயே இருக்கிறது. சுவரில் பிடித்த துரு, பழைய பிசின், முன்னால் வைத்திருந்தவர் பூசிய உள்பூச்சு உரிந்த செதில். எத்தனால் கலந்த பெட்ரோல் இவற்றைக் கிளப்பிவிடும். பெட்ரோல் அளவுமானியின் கார்க் மிதவையில் ஷெல்லாக் (அரக்கு மெருகு) பூசியிருந்தால் அதையும் கரைத்துவிடும். எத்தனாலும் ஆல்கஹால்தான், ஷெல்லாக் ஆல்கஹாலில் கரைகிற சரக்குதானே. இதற்கெல்லாம் கீழே, பெட்ரோல் வரும் வழியில் அழுக்கும் தண்ணீரும் தங்கும் வண்டல் கிண்ணமும் கார்புரேட்டர் வாயில் உள்ள குட்டி வலையும்தான் காவல். மேலே புது வலை போட்டுவிட்டுக் கீழே கிண்ணத்தைத் திறந்தே பார்க்காதவர்கள் வழியில் நிற்பது இதனால்தான்.

இந்த வலை நெருப்பைத் தடுக்கும் என்றும் சொல்வார்கள். 1815-இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி சுரங்க விளக்கில் காட்டிய தத்துவம் அது: நெருக்கமான உலோக வலை வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், சுடர் தாண்டாது. தத்துவம் சரி. ஆனால் ஒரு கிழிசலோ விளிம்பில் ஒரு இடைவெளியோ இருந்தால் போச்சு. தொண்ணூறு வருஷத்துக்கு மேலான கழுத்தில் நான் அதை நம்ப மாட்டேன்.

மாற்று வலை வாங்குகிறவர்கள் விளிம்பின் தடிமனைப் பாருங்கள். நான் முதலில் வாங்கியதில் விளிம்பு தடித்திருந்ததால் மூடி முழுதாக இறங்கவே இல்லை. ரொம்ப நெருக்கமான கண்ணும் வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான். அளவுகோல் குச்சி விட்டுப் பெட்ரோல் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள், குறிப்பாக அளவுமானியே இல்லாத, இதற்கு முந்தைய ஃபோர்டு மாடல் டி வைத்திருப்பவர்கள், வலை போட்டால் ஒவ்வொரு முறையும் அதை வெளியே எடுத்துத்தான் பார்க்க முடியும்.

இன்னொன்று, வலையின் மேல்விளிம்பு வரை நிரப்பாதீர்கள். பெட்ரோல் ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய 0.1 சதவீதம் விரியும். 40 லிட்டர் டேங்கில் 20 டிகிரி ஏறினால் முக்கால் லிட்டர் கூடும். மூடியில் காற்றுத் துளை இருப்பதால் அது அங்கிருந்துதான் வெளியே வரும். டேங்கில் ஏறும் பெட்ரோல் வலையின் அடியைத் தொடும்போதே நான் நிறுத்திவிடுகிறேன்.