பெர்மிட் அசல், விசா அசல், வேலை மட்டும் இல்லை: போலந்து போகிறவர்கள் கவனிக்க

போலந்தில் வேலை என்று யாராவது சொல்லி, நீங்களும் பணம் புரட்டிக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். கட்டிவிட்டீர்களா, பரவாயில்லை, விமானம் ஏறும்வரை பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

எனக்கு யாரும் போலிப் பேப்பர் கொடுக்கவில்லை. போலந்தின் மாகாண அலுவலகம் கொடுத்த அசல் வேலை பெர்மிட், தூதரகம் ஒட்டிய அசல் விசா. அதை நம்பித்தான் கெட்டேன்.

2023 அக்டோபரில் திருச்சியில் ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன். கிடங்கில் வேலை, மாதம் 90,000 ரூபாய், தங்குமிடம் இலவசம் என்றார்கள். மொத்தம் 4,80,000. முன்பணம் 80,000, பெர்மிட் வந்ததும் 2 லட்சம், விசா வந்ததும் 2 லட்சம். லோடு அடித்துக்கொண்டிருந்த குட்டியானையை விற்றேன், மீதிக்கு மைத்துனரிடம் கடன். நான் கொஞ்சம் இழுத்தபோது அங்கிருந்தவர், "என்ன தம்பி பயப்படுறீங்க, பெர்மிட்டை நாங்களா அடிக்கிறோம், அந்த ஊர் கவர்ன்மென்ட் குடுக்குது" என்றார். உண்மைதான், அரசாங்கம்தான் கொடுக்கிறது. ஆனால் ஒரு கம்பெனி 'எனக்கு ஆள் வேண்டும்' என்று கேட்பதால் கொடுக்கிறது. அந்தக் கம்பெனியிடம் நிஜமாகவே வேலை இருக்கிறதா என்பது வேறு கதை. அப்போது அந்த விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணம் 100 ஸ்லாட்டி, நம் பணத்தில் சுமார் 2,100 ரூபாய். அதையும் கட்ட வேண்டியவர் முதலாளி. நான் கொடுத்த 4,80,000-ஐ இதோடு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் பெர்மிட் வந்தது. இரண்டு பக்கம், முழுக்க போலிஷ். வீட்டில் எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம், யாரும் படிக்கவில்லை. போன் கேமராவைக் காட்டினாலே மொழிபெயர்த்துவிடும், அது தோன்றவில்லை. முதலாளி பெயர், வேலையின் பெயர், ஒப்பந்த வகை, குறைந்தபட்சச் சம்பளம் என எல்லாம் அதில் அச்சாகியிருந்தது.

2024 மே மாதம் கிளம்பினேன். திருச்சி விமான நிலையத்தில் கன்சல்டன்சிப் பையன் பாஸ்போர்ட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டான். வார்சாவில் இறங்கியதும் ஒரு வேன். வூச் நகரத்துக்குப் பக்கத்தில் ஸ்ட்ரிகூவ் என்ற ஊர், இரண்டு பெரிய நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடம், பார்க்கும் பக்கமெல்லாம் கிடங்குகள். ஓர் அறையில் ஆறு பேர். மறுநாள் காலை 'கோஆர்டினேட்டர்' என்று ஒருவர் வந்து, "உன் கம்பெனியில் இப்போது ஆர்டர் இல்லை, இங்கே கையெழுத்துப் போடு, இன்றைக்கே ஷிப்ட்" என்று காகிதத்தை நீட்டினார். போட்டேன். சாயங்காலம் அறையில் இருந்த நேபாளத் தம்பி என் பெர்மிட்டையும் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் கம்பெனி பெயர் இருக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினான். வேறு வேறு பெயர்.

பலருக்கும் தெரியாத இடம் இதுதான். அந்த பெர்மிட் போலந்தில் எங்கு வேண்டுமானாலும் வேலை செய்ய அனுமதி அல்ல. அதில் எழுதியிருக்கும் முதலாளியிடம், எழுதியிருக்கும் நிபந்தனைப்படி வேலை செய்யத்தான். வேறு இடத்தில் செய்தால் அசல் விசா பாஸ்போர்ட்டில் இருந்தாலும் அது சட்டவிரோத வேலை. எல்லைக் காவல்படை சோதனைக்கு வந்தால் கேள்வி கோஆர்டினேட்டருக்கு மட்டும் வராது, நமக்கும் வரும்.

அடுத்து ஒப்பந்த வகை. போலந்தில் வேலை ஒப்பந்தம் ஒன்று, 'ஸ்லெட்செனியே' என்ற பணி ஒப்பந்தம் இன்னொன்று. முதலாவதில் சம்பளத்தோடு விடுப்பு, முன்னறிவிப்பு எல்லாம் உண்டு. இரண்டாவதில் சம்பளத்தோடு விடுப்பு என்பது சட்டப்படி கட்டாயமில்லை, நிறுத்துவதும் சுலபம். எனக்குக் கொடுத்தது இரண்டாவது. அதற்கும் சட்டப்படி மணிக்குக் குறைந்தபட்சம் உண்டு. அந்த மே, ஜூனில் பிடித்தத்துக்கு முன் 27.70 ஸ்லாட்டி. அந்த 90,000 ரூபாய்க் கணக்கும் பிறகுதான் புரிந்தது. 2024 தொடக்கத்தில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 4,242 ஸ்லாட்டி, பிடித்தம் போகக் கையில் 3,220 சொச்சம். திருச்சியில் சொன்னது பிடிப்பதற்கு முந்தைய தொகை. எனக்கு அந்த 3,220-கூட வரவில்லை. 'இலவச' அறைக்கு 750, வேனுக்கு 200, 'டாக்குமென்ட்' என்று 300 வெட்டிக்கொண்டார்கள். என்ன டாக்குமென்ட் என்று கேட்டால் பதில் கிடையாது.

ஐந்தாவது வாரம் பேலட்டில் கை மாட்டி விரல் வீங்கிவிட்டது. கிளினிக்கில் வரவேற்பில் இருந்த அம்மா என் எண்ணைத் தட்டிவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். சிவப்பு. பச்சை வந்தால் மருத்துவக் காப்பீடு இருக்கிறது, சிவப்பு வந்தால் இல்லை. அதாவது என் பெயரை 'ஸூஸ்' என்கிற சமூகக் காப்பீட்டில் யாரும் பதியவே இல்லை. சம்பளச் சீட்டில் மட்டும் அதற்கான பிடித்தம் இருந்தது. கையில் ஐஸ் வைத்துக்கொண்டு அன்றிரவு முதல்முறையாக உட்கார்ந்து எல்லாவற்றையும் தேடினேன்.

கே.ஆர்.எஸ். என்று போலந்து அரசின் கம்பெனிப் பதிவேடு இருக்கிறது. இணையத்தில் இலவசம். பெர்மிட்டில் இருந்த கம்பெனியைப் போட்டேன். ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, மூலதனம் 5,000 ஸ்லாட்டி, அதாவது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். முகவரியைத் தேடினால் வார்சாவில் ஒரே கதவுக்குப் பின்னால் ஏகப்பட்ட கம்பெனிகள், வாடகைக்கு முகவரி கொடுக்கும் இடம். பத்து நிமிட வேலை. குட்டியானையை விற்பதற்கு முன்னால் செய்திருக்கலாம். ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சி என்றால் 'க்ராஸ்' என்ற தனிப் பதிவேட்டிலும் பெயர் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தை நமக்குப் புரியும் மொழியில் தர வேண்டியதும் முதலாளியின் சட்டக் கடமை, அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். "அங்கே போய்க் கையெழுத்துப் போட்டால் போதும்" என்று சொன்னால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

கோஆர்டினேட்டரிடம் சண்டை போட்டபோது அவர் சொன்ன வழி, "போர்ச்சுகல் போயிடு, அங்கே போய்ப் பேப்பர் போட்டுக்கலாம்." அறையில் இரண்டு பேர் அதை நம்பிக் கிளம்பினார்கள். நாட்டுக்குள் போனபின் வேலை காட்டிப் பதிவு செய்யும் அந்த வழியை போர்ச்சுகல் 2024 ஜூன் தொடக்கத்திலேயே மூடிவிட்டது. இவர்கள் போனது ஜூலையில்.

நான் வேறு வழி பார்த்தேன். போலந்து அரசின் தொழிலாளர் ஆய்வு அலுவலகத்தில் சட்ட ஆலோசனை இலவசம், மொழிபெயர்ப்புச் செயலியோடு போய் உட்கார்ந்தேன். அப்புறம் உண்மையான ஆலை ஒன்று கிடைத்து, விசா முடிவதற்குள் தங்குவதற்கும் வேலைக்கும் சேர்த்து ஒரே அனுமதிக்கு விண்ணப்பித்தேன். முடிவு வர மாதக்கணக்கில் ஆனது. எப்படிச் சமாளித்தேன் என்பதைத் தனியாக எழுதுகிறேன், அது நீளம்.

பணம்? வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப இந்தியாவில் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு வேண்டும். பதிவு பெற்றவர்கள் பட்டியல் இ-மைகிரேட் என்ற இந்திய அரசுத் தளத்தில் இருக்கிறது. அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். என் ஆள் பட்டியலிலேயே இல்லை. ரசீதை எடுத்துப் பார்த்தால் 'ஆவணத் தயாரிப்பு ஆலோசனை' என்று எழுதியிருந்தது, வேலை என்ற சொல்லே எங்கும் இல்லை. அப்பா போலீஸில் மனு கொடுத்த பிறகு, 'இனி புகார் இல்லை' என்று எழுதி வாங்கிக்கொண்டு 1 லட்சம் திருப்பித் தந்தார்கள். மற்றது போனதுதான்.

அந்த அலுவலகம் இப்போதும் நடக்கிறது. போன வாரம் நண்பன் அவர்களுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை அனுப்பினான்: 'ஐரோப்பா, 60 நாளில் விசா, வேலை உறுதி.' கீழே, பாஸ்போர்ட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நான். அந்தப் படம் உங்களுக்கும் வந்தால், நீலச் சட்டை போட்டவனிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள்.