என்டிபிசியா, பவர் கிரிடா: பி.இ. விகிதத்தை வைத்து எடுத்த முடிவு

மின்சாரத்தை உற்பத்தி செய்யும் என்டிபிசி, அதைக் கடத்தும் பவர் கிரிட், இரண்டும் மத்திய அரசின் நிறுவனங்கள். இரண்டின் கட்டணத்தையும் பெரும்பாலும் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையமே வரையறுக்கிறது. இரண்டும் தவறாமல் டிவிடெண்ட் தருகின்றன. நான் என்டிபிசியைச் சில காலம் வைத்திருந்து விற்றுவிட்டு, பவர் கிரிடைத் தொடர்ந்து வைத்திருப்பவன் என்பதால், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைப்பதற்கில்லை.

2004-இல் 62 ரூபாய்க்கு வெளியான என்டிபிசி பங்கு, 2008 ஜனவரியில் 290 ரூபாயை ஒட்டி விற்றது. அந்த நிதியாண்டில் பங்கு ஒன்றுக்கு அது ஈட்டியது ஏறத்தாழ 9 ரூபாய், அதாவது பங்கின் விலையை அதன் ஆண்டு ஈட்டலால் வகுத்தால் வரும் பி.இ. விகிதம் 30-ஐத் தாண்டியிருந்தது. கட்டணம் வழியாகப் பங்கு மூலதனத்துக்கு ஆணையம் அப்போது அனுமதித்த ஆண்டு ஆதாயமோ 14%, 2009 முதல் 15.5%. துணை நிறுவனங்களைச் சேர்க்காத தனி நிறுவனக் கணக்கில் லாபம் 2007-08-இல் 7,415 கோடியிலிருந்து 2022-23-இல் 17,197 கோடியாக உயர்ந்தபோதும், 2019-இல் வழங்கிய 1:5 போனஸை (ஐந்து பங்குக்கு ஒரு இலவசப் பங்கு) சேர்த்துக் கணக்கிட்டாலும், 2023 மார்ச்சில் விலை அந்தப் பழைய உச்சத்தை எட்டியிருக்கவில்லை. லாபம் வளர்ந்ததையெல்லாம் பி.இ. சுருங்கியது விழுங்கிவிட்டது, 2020 மார்ச்சில் அது 7 அளவுக்கு இறங்கியிருந்தது.

பவர் கிரிடும் அந்த மாதத்தில் ஒற்றை இலக்கப் பி.இ.-யில்தான் கிடைத்தது. ஆகவே எது மலிவு என்பதைவிட, வகுக்கும் எண்ணை, அதாவது ஈட்டலை, எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே எனக்கு முடிவைத் தந்தது. என்டிபிசியின் அனல் மின்நிலையம் தன் நிலைக்கட்டணத்தை (உற்பத்தி அளவைச் சாராத கட்டணத்தை) முழுமையாகப் பெற 85% அளவுக்குத் தயார் நிலையில் இருக்க வேண்டும். நிலக்கரி வராவிட்டால் அந்த அளவு குறைந்து, ஈட்டலும் குறைகிறது. பவர் கிரிடின் மாறுதிசை (ஏ.சி.) மின்கடத்தல் தடமோ 98% நேரம் தயாராக இருந்தால் போதும், அதில் எவ்வளவு மின்சாரம் ஓடியது என்று யாரும் கேட்பதில்லை. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை வரும் நேர்திசை (டி.சி.) தடத்துக்கும் இதே முறைதான், அளவு மட்டும் 95%.

நம்பலாம் என்று நினைத்த பவர் கிரிடின் ஈட்டலிலும் ஒரு முறை ஏமாந்தேன். 2021-இல் தன் ஐந்து மின்கடத்தல் சொத்துகளை இன்விட் எனப்படும் உள்கட்டமைப்பு முதலீட்டு அறக்கட்டளைக்கு மாற்றியதில் பவர் கிரிடுக்கு ஒருமுறை லாபம் கிடைத்தது. 2021-22-இன் ஒருங்கிணைந்த (துணை நிறுவனங்களையும் சேர்த்த) லாபமான 16,824 கோடியை வைத்து நான் போட்ட பி.இ. மிக மலிவாகத் தெரிந்தது. மறு ஆண்டு லாபம் 15,417 கோடியாக இறங்கிய பிறகே என் நோட்டில் இருந்த கணக்கைத் திருத்தினேன். 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் வந்த 1:3 போனஸ்களைச் சரிக்கட்டாமல் பழைய ஈட்டலைப் பார்ப்பதும் இதே வகைப் பிழைதான்.

புதிய மின்கடத்தல் திட்டங்களுக்கு 2024-29 காலத்தில் ஆணையம் அனுமதிக்கும் ஆதாயம் 15% மட்டுமே. ஏலத்தில் எடுப்பவற்றுக்கு அந்த உறுதியும் இல்லை. மறுபுறம், 2024 நவம்பரில் பட்டியலிடப்பட்ட பசுமை மின் துணை நிறுவனத்தால் என்டிபிசியின் பி.இ. எவ்வாறு மாறும் என்பதைக் கூற எனக்குப் போதிய அனுபவமில்லை. 2024 செப்டம்பரில் இரண்டும் பி.இ. 20-ஐ ஒட்டி விற்றபோது நான் இரண்டிலுமே புதிதாக வாங்கவில்லை.